முதுகு காட்டி நிற்பவர்கள்

ஜூன் 3, திங்கள்

பூங்கொடி மறுபடியும் போன் செய்தாள். பெங்களூரில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயா நின்றுவிட்டாளாம். "நீ வந்துரும்மா. பத்து நாளுக்கு இல்ல, வந்து எங்ககூடவே இருந்துரு. அப்பா உன்கூடப் பேசறாங்களா, சிரிக்கறாங்களா? செவுத்தோட குடும்பம் நடத்தறதுக்கு அங்க எதுக்கு இருக்கோணும்?" என்றாள். பெற்ற அப்பாவைச் சுவர் என்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. மாதக் கடைசிக்குள் முடிவு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்தச் சுவர் அப்போது வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது. "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு நாய் திரும்பிப் பார்த்தது.

பெண்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காரணம் தெரியாமல் ஒரு குடுவையில் நிறம் மாறினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பெங்களூர் போவதென்றால் போகிறேன். போவதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் எப்போது சுவரானார், ஏன் ஆனார்?

ஜூன் 5, புதன்

எப்போது என்பது இன்று கிடைத்துவிட்டது. தானாக வந்து விழுந்தது.

மாடி அரங்கத்திலிருந்து வாட்ஸப்பில் செய்தி. புது நாடகம், இந்த மாதம் இரண்டு சனிக்கிழமைகளில். சிங்காநல்லூரில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கின் மேல்தளம்தான் மாடி அரங்கம். இரும்புப் படியில் ஏறிப்போக வேண்டும். முன்னால் பாய், பின்னால் மடக்கு நாற்காலி. நாடகம் முடிந்ததும் அவரவர் நாற்காலியை அவரவரே மடக்கி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அது அங்கே சட்டம். நடத்துகிற ஸ்டீபன் எப்போதும் ஒரே கறுப்புச் சட்டையில் நிற்பார்.

பூங்கொடி பத்தாவது படிக்கும்போது கல்லூரியில் யாரோ கொடுத்த நோட்டீஸைப் பார்த்து நாங்கள் முதலில் போனோம். அதன்பிறகு பல வருடம் ஒரு நாடகமும் விட்டதில்லை. இவர் மில்லில் தறி மேஸ்திரி. இவருக்கு இதெல்லாம் பிடிக்குமா என்று பயந்துகொண்டேதான் கூட்டிப்போனேன். போனவர் நேராக முன்வரிசைப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முட்டிவலி வந்த பிறகும் அதே பாய்தான். நாற்காலிக்கு வாருங்கள் என்றால் கேட்கமாட்டார்.

திரும்பும் வழியில் காளான் வண்டிக்காரரிடம் ஆளுக்கு ஒரு தட்டு வாங்குவோம். அங்கே வைத்துத்தான் நாடகத்தைப் பற்றிப் பேச வேண்டும், வழியில் பேசக்கூடாது என்பது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் பார்த்த கதையும் இவர் பார்த்த கதையும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. வீட்டைப் பங்கு போடுகிற அண்ணன் தம்பி நாடகம் ஒன்று. கடைசியில் அண்ணன் முதுகைக் காட்டி நின்றுகொண்டு "உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்" என்கிறான். இவர் காளானைக் கிளறிக்கொண்டே, "பாவம், மன்னிப்புக் கேட்டுட்டானல்லொ" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க கேட்டான்?" என்றேன். "அவன் முதுகைப் பாத்தாத் தெரியலையா?" என்றார்.

மறுநாள் கல்லூரியில் இதைச் சொன்னபோது தமிழ்த்துறை அம்மா அசந்துபோனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வசனத்துக்கு அடியில் இருப்பதைப் பார்க்கிற ஆள் என் வீட்டுக்காரர் என்று நம்பினேன்.

கடைசியாகப் போனது இரண்டு வருடம் முன்பு. நடிகர்கள் எல்லோரும் முகமூடி போட்டு நடித்த நாடகம். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கதை, நான் அழுதுவிட்டேன். அன்றைக்குக் காளான் வண்டியில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாடகத்துக்குக் கூப்பிட்டபோது "நீ போயிட்டு வா" என்றார். அன்றிலிருந்துதான். அன்று நான் ஏதோ செய்திருக்கிறேன். என்ன என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

சோதனை. சமையலறையிலிருந்து "காபி வேணுமுங்களா?" என்றேன். பதில் இல்லை. கூடத்துக்கு வந்து எதிரில் நின்று அதையே அதே குரலில் கேட்டேன். "குடு" என்று உடனே பதில் வந்தது. மாலையில் மறுபடி செய்தேன். அதே முடிவு.

ஆக, முகத்துக்கு முன்னால் வந்து நின்று கேட்டால்தான் துரைக்குப் பதில் வரும். மேஸ்திரி வேலை போய் இத்தனை வருடமாகியும் தோரணை போகவில்லை.

ஜூன் 8, சனி

குளிக்கப் போகும்போது மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். வெளியே வந்தால் பருப்பு கருகி வீடெல்லாம் நாற்றம். இவர் அடுப்புக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்றே செய்திருக்கிறார். பெங்களூர் போய்விடலாம் போல இருக்கிறது.

ஜூன் 12, புதன்

பூங்கொடி அழைத்தபோது நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். இவர்தான் போனை எடுத்தார். "ம்ம், இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்று ஓட்டமாகக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். எப்போதும் இப்படித்தான்.

"எங் கல்யாணத்துக் கோவம் அப்பாவுக்கு இன்னும் போகலையாம்மா?" என்று பூங்கொடி கேட்டாள். அவள் தன்னோடு வேலை பார்த்த பையனைத்தான் கட்டிக்கொண்டாள். அதற்குக் கோபப்பட்டவள் நானே ஒழிய அவரல்ல. அதைச் சொன்னாலும் நம்பவில்லை. நம்பும்படி இவரும் நடந்துகொள்வதில்லை. கையைக் கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மெதுவான குரலில் எல்லாவற்றையும் கொட்டினேன். இந்த மனுசன்கூட இருந்து இனி என்ன ஆகப்போகுது, வந்தர்றேன் போ என்றுகூடச் சொன்னேன். இவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன், காதில் விழுந்திருக்காது.

ராத்திரி இரண்டு தோசையோடு போதும் என்று எழுந்துவிட்டார். வழக்கமாக நான்கு.

ஜூன் 15, சனி

தனியாக மாடி அரங்கத்துக்குப் போய்வந்தேன். கால் கூசியது. முன்வரிசைப் பாயில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டைவிட்டுக் கிளம்புகிற ஒரு ஆளின் கதை. பையைக் கட்டுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி கட்டுகிறார். பாதி நாடகத்துக்கு மேல் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார். ஸ்டீபன் இன்னும் திருந்தவில்லை. முகம் எல்லாருக்கும் நடிக்கும், முதுகும் நடிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

முடிந்து நாற்காலியை மடக்கும்போது ரேச்சல் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆரம்பத்திலிருந்து அங்கே நடிக்கிற பெண். "சார் வரலைங்களாக்கா? அவரு இல்லாம எங்களுக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க. முன்னாடி உக்காந்து கண்ணைக் கொட்டாம எங்க வாயையே பாத்துட்டு இருப்பாரு. வசனத்துல ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாலும் மாட்டிக்குவோம்னு பயமா இருக்குமுங்க" என்றாள்.

காளான் வண்டியில் நின்று சாப்பிட்டேன். பேச ஆளில்லாமல் தின்றால் ருசி இல்லை. "வாயையே" என்று அவள் சொன்னது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணமான புதிதில் மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள் நினைவுக்கு வந்தது. தறிக்கூடத்து வாசலில் நின்றேன். உள்ளே தறிகள் போட்ட சத்தத்தில் என் வளையல் ஓசைகூட எனக்குக் கேட்கவில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் ஒருவர், இந்தக் கோடியில் இவர். இரண்டு பேரும் வாயை மட்டும் அசைத்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எப்படி என்று கேட்டதற்கு, "அங்க காதுக்கு என்ன வேலை? வாயப் பாத்தே பேசிக்குவோம்" என்றார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. இப்போது எழுதமாட்டேன். முதலில் சோதனை.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் அவர் எதிரில் போய் நின்றேன். குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, "காபி வேணுமுங்களா?" என்றேன்.

"அரை டம்ளர் போதும்" என்றார்.

ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு எழுதக்கூடாது என்று ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். இன்னொரு முறை, மூச்சுக்கூட வெளியே வராமல், "மேல் வீட்டுக்காரி ஓடிப்போயிட்டாளாம்" என்றேன்.

செய்தித்தாளைக் கீழே வைத்தார். "எவன்கூட?" என்றார்.

சிரித்துவிட்டேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சத்தமாகவே அழுதேன். யாருக்குக் கேட்கப்போகிறது?

ஜூன் 17, திங்கள்

கேட்டுவிட்டேன். எதிரில் உட்கார்ந்து, முகத்தை நேராக வைத்து, எத்தனை நாளாக என்று கேட்டேன்.

முதலில் தரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தால் என் கேள்வியிலிருந்து தப்பித்துவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். மோவாயைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"மில்லுல இருக்கறப்பவே ஆரம்பிச்சுருச்சு. வெளிய தெரிஞ்சா மேஸ்திரி வேலை போயிருமுன்னு சொல்லல. கொஞ்சங் கொஞ்சமாப் போயி, இப்ப எடதுல ஒண்ணுமே இல்ல. வலதுல ஏதோ இருக்குது."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"சொன்னா நீ எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்லோணும். ரெண்டாந் தடவ சொல்றப்ப யாரும் முழுசாச் சொல்லமாட்டாங்க மரகதம். ஒண்ணுமில்ல விடுங்கன்னுருவாங்க. எங்கப்பனுக்குக் காது போனப்பொறவு நாங்களே அப்பிடித்தான் பண்ணுனோம். அந்தாளு பேச்சுக்குப் பேச்சு என்ன, என்னன்னு கேட்டு, ஒரு நாளு கேக்கறதையே நிறுத்திட்டாரு."

"அப்ப நாடகமெல்லாம்?"

"முன்னாடி உக்காந்தா முக்காவாசி தெரியும். திரும்பி நின்னுட்டாங்கன்னா தெரியாது. அதை நானா வெச்சுச் சொல்லிருவேன். நீ கண்ணை விரிச்சுட்டுக் கேப்ப. எனக்கும் நல்லா இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இத்தனை வருடம் இந்த ஆளுடைய ஞானத்தைக் கல்லூரி முழுக்கப் பரப்பியிருக்கிறேன். எல்லாம் குத்துமதிப்பு. எழுந்து போகப் பார்த்தேன். புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மொகமூடி நாடகத்துல எல்லாரும் மூஞ்சிய மறைச்சுட்டு வந்து நின்னாங்க. ஒரு வார்த்தை தெரியல. நீ பக்கத்துல உக்காந்து அழுகற. எதுக்கு அழுகறீன்னு எனக்குத் தெரியல. வெளிய வந்து நான் என்னன்னு சொல்றது? எதைச் சொன்னாலும் நீ அழுததுக்குச் சேராமப் போயிரும். அதான் பேசாம இருந்தேன். அப்பறம் வரல."

அன்று நான் என்ன தப்பு செய்தேன் என்று இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். நான் அழுததுதான்.

போகட்டும் என்று நினைக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "நீ பெங்களூருக்குப் போறேன்னு சொன்னதும் தெரியும். போன்ல நீ பேசறது எனக்கு நல்லாத் தெரியும். உனக்கு உதடு சுத்தமா அசையும்."



ஜூன் 18, செவ்வாய்

இன்று முழுக்கக் கோபம். ரசத்தில் உப்பு போடவில்லை. வேண்டுமென்றேதான்.

ஜூன் 20, வியாழன்

கோபம் போய் ஆவல் வந்துவிட்டது. என் புத்தி அப்படி. ஒவ்வொரு நாடகமாகச் சொல்லி, எந்த இடம் தெரிந்தது, எந்த இடம் நீங்களாக வைத்தது என்று கேட்டேன். கிணற்றுக்குள் பேசுகிற பெண்ணின் கதையில் பாதி இவருடையது. ரயில் நிலைய நாடகத்தில் அப்பன் செத்துப்போனது இவருக்குத் தெரியவே இல்லை. ஊருக்குப் போயிருப்பதாக நினைத்துக் கடைசிவரை சந்தோஷமாகப் பார்த்திருக்கிறார்.

"அந்த அண்ணன் தம்பி?" என்றேன். கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றுதான் அவன் சொன்னான் என்பதை இன்றைக்குத்தான் சொன்னேன். "வாய் அப்பிடிச் சொல்லியிருக்கும். முதுகு அப்பிடிச் சொல்லல" என்றார். கண்ணை மூடி அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தேன். தோள் தொங்கித்தான் இருந்தது. இவர் சொன்னது பொய் என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டோம்.

ஜூன் 23, ஞாயிறு

பூங்கொடியிடம் சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு வீடியோவில் வந்தாள். இவர் போனைக் கண்ணாடி பார்ப்பதுபோல நேராகப் பிடித்துக்கொண்டு, "அம்முணி, வெளிச்சத்துல வந்து உக்காரு. மூஞ்சியத் திருப்பாமப் பேசு" என்றார்.

அவள் கேட்டது எனக்குக் கேட்டது. "எங் கல்யாணத்துல உங்களுக்குக் கோவமாப்பா?"

"யாரு சொன்னா? உங்கம்மாளுக்குத்தான் கோவம். மாப்பிள்ளை நல்ல பையன். என்ன, மீசை உதட்டை மறைக்குது. அவரு என்ன பேசறாருன்னு ஒரு நாளும் எனக்குத் தெரியல."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். நான் துணி மடித்துக்கொண்டு கேட்டிருந்தேன். கடைசியில் போன் என்னிடம் வந்தபோது, "சரிம்மா, இப்ப நீ என்ன பண்ணப்போற? எனக்கு ஆளு வேணும்மா, நெசமாவே முடியல" என்றாள். அதுவும் உண்மைதான். குழந்தை பின்னால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தது. மாதக் கடைசி என்று சொன்னேனல்லவா என்றேன்.

வைத்ததும் இவர், "போறதுன்னாப் போ. எனக்குச் சமைக்கத் தெரியும்" என்றார். பருப்பைக் கருக்கிய ஆள் சொல்கிறார். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன்.

ஜூன் 26, புதன்

காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலது காதுக்குக் கருவி வைத்தால் கொஞ்சம் பிடிக்குமாம். அளவெடுத்துச் செய்துவர மூன்று வாரமாகும். எல்லாம் பழையபடி கேட்கும் என்று நினைக்கக்கூடாது என்றும் சொன்னார். இவர் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில், சனிக்கிழமை மாடி அரங்கத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "அந்தாளு முதுகக் காட்டிட்டே நிப்பான்னு சொன்னியே" என்றார். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், வசனம் தெரியும், அவன் திரும்பி நிற்கும்போதெல்லாம் நீங்கள் என் பக்கம் திரும்புங்கள், நான் சொல்கிறேன் என்றேன்.

"நெசமா அவன் சொல்றதத்தான் சொல்லோணும்" என்றார். இத்தனை வருடம் கதை கட்டிய மனிதருக்கு வந்த சந்தேகத்தைப் பாருங்கள்.

ஜூன் 29, சனி

பூங்கொடிக்கு நாளைக்குச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்குவதும் தூசி தட்டுவதுமாக இருந்தேன். இறக்கியதற்குக் காரணம் தூசிதான் என்று சொல்லிக்கொண்டேன். இவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

ரேச்சல் இவரைப் பார்த்ததும் ஓடிவந்து பாயைத் தட்டிப் போட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில், கொஞ்சம் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். மேடை வெளிச்சம் என் முகத்தில் விழும்படி பார்த்துக்கொண்டேன்.

நன்றாகவே போனது. அந்த ஆள் திரும்பி நின்று பேசும்போதெல்லாம் இவர் என்னைப் பார்ப்பார், நான் உதட்டை அசைப்பேன், மறுபடி மேடையைப் பார்ப்பார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாவி எங்கே என்றால் சாவி எங்கே, மழை வரும் போல என்றால் மழை வரும் போல. நடுவில் ஒருமுறை சிரித்தார். பின்னால் எல்லோரும் சிரித்துமுடித்த பிறகுதான் சிரித்தார். ஆனால் சரியான இடத்துக்குத்தான் சிரித்தார்.

கடைசிக் காட்சி. அந்த ஆள் கையில் பையோடு நிலைப்படியில் முதுகைக் காட்டி நிற்கிறார். "இந்நேரம் பஸ் போயிருக்கும். அடுத்ததுல போறேன்" என்பதுதான் வசனம். சொன்னார். இவர் என் பக்கம் திரும்பினார்.

அந்த முகத்தைப் பார்த்தேன். அடுத்து வரப்போவது எதுவானாலும் சரி, நான் சொன்னால்தான் உண்டு என்று காத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வசனம் வாயில் வரவில்லை.

"நான் போகல. இங்கயே இருந்துக்கறேன்" என்று உதட்டை அசைத்தேன்.

இவர் மேடையில் இருந்த முதுகைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு தன் சத்தம் எவ்வளவு என்று தெரியாமல், அரங்கம் மொத்தமும் கேட்கும்படி, "இது அவன் சொன்னதா, நீ சொன்னதா?" என்றார்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். மேடையிலிருந்த ஆளே திரும்பிப் பார்த்துவிட்டார். ஓரத்தில் ஸ்டீபன் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் அவருக்குத் தெரியாது.

"நான்தானுங்க" என்றேன். இந்த முறை குரலோடு சொன்னேன்.

"அப்பச் செரி" என்று அதே சத்தத்தில் சொல்லிவிட்டு, மேடையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.